ஜான் போஸ்டல்

ஜான் போஸ்டல் (முழுப்பெயர்: ஜொனாதன் புரூஸ் போஸ்டல், ஆகஸ்ட் 6, 1943 – அக்டோபர் 16, 1998) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகள் பலவற்றை எழுதியவரும் தொகுத்தவரும் இவரே. மின்னஞ்சலைக் கொண்டு செல்லும் எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறையை (எஸ்எம்டிபி) 1982 இல் வெளியிட்டார். கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் (எப்டிபி) நிலைபெற்ற வடிவத்தை 1985 இல் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்பவருடன் இணைந்து எழுதினார். ஆயினும் இவர் பெரிதும் அறியப்படுவது ஒரு பதிவேட்டுக்காகவே. எந்தச் சேவைக்கு எந்த எண், எந்த நாட்டுக்கு எந்தப் பெயர், அதை நடத்துபவர் யார் என்பதையெல்லாம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குறித்து வைத்துக் காத்தவர் இவர். அந்தப் பணிக்கான அதிகாரத்தை எந்தச் சட்டமும் இவருக்கு வழங்கவில்லை. கணக்கு ஒழுங்காக இருந்ததால் எல்லோரும் ஏற்றுக்கொண்டனர். அந்த ஏற்பின் எல்லை எது என்பது 1998 இல், இவர் வாழ்வின் இறுதி ஆண்டில், சோதனைக்கு உள்ளானது.

இளமையும் கல்வியும்

போஸ்டல் கலிபோர்னியா மாநிலத்தின் ஆல்ட்டடீனா என்னும் ஊரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பிற்காலத்தில் இணைய முன்னோடிகளாக அறியப்பட்ட விண்ட் செர்ஃப், ஸ்டீவ் குரோக்கர் ஆகியோரும் அதே பள்ளியின் மாணவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1966 இல் பொறியியல் இளநிலைப் பட்டமும், 1968 இல் முதுநிலைப் பட்டமும், 1974 இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். கணினித் தொடர்பு நெறிமுறைகளை வரைபடக் கோட்பாட்டின் துணைகொண்டு ஆராய்வது இவரது முனைவர் பட்ட ஆய்வின் பொருளாக இருந்தது.

ஆர்ப்பாநெட் வலையமைப்பு பிறந்த வேளையில் இவர் அப்பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். லெனார்ட் கிளைன்ராக் நடத்திய வலையமைப்பு அளவீட்டு மையத்தில் பணிபுரிந்தார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை நிதியளித்த அந்த வலையமைப்பின் முதல் கணு 1969 செப்டம்பரில் அங்குதான் நிறுவப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று அங்கிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்திற்கு முதல் செய்தி அனுப்பப்பட்டது. இரண்டு எழுத்துகள் போனதும் மறுமுனைக் கணினி நின்றுவிட்டது.

நீண்ட தாடியும் தோளில் புரளும் முடியும் காலில் செருப்புமாக அலுவலகத்திற்கு வரும் இவரது தோற்றம் அரசு அலுவலர்களை வியக்க வைத்ததாகக் கூறுவர். சியரா நெவாடா மலைகளில் முதுகுப்பையுடன் நெடுந்தொலைவு நடப்பது இவருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. 1977 ஆம் ஆண்டு மார்ச் மாதம் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். இறக்கும் வரை அங்கேயே பணியாற்றினார்.

ஆர்எப்சி ஆவணங்கள்

நெறிமுறை என்பது இரு கணினிகள் உரையாடுவதற்காக முன்கூட்டியே செய்துகொள்ளும் உடன்பாடு ஆகும். யார் முதலில் பேசுவது, எந்தச் சொல்லுக்கு எந்த மறுமொழி, பேச்சு முடிந்தது என்பதை எப்படி அறிவது ஆகியவற்றை அது வரையறுக்கிறது. இரு புறமும் ஒரே ஆவணத்தைப் படித்து நிரல் எழுதினால்தான் உரையாடல் நடக்கும். ஆகவே அந்த ஆவணம் யாரிடம் இருக்கிறது, அதைப் பெறக் காசு கொடுக்க வேண்டுமா என்பவை சிறிய கேள்விகள் அல்ல.

ஆர்ப்பாநெட்டின் தொழில்நுட்பக் குறிப்புகளை ஸ்டீவ் குரோக்கர் 1969 ஏப்ரலில் தொடங்கி வைத்தார். மாணவர்களான தாங்கள் ஆணையிடுவதுபோல் தோன்றக்கூடாது என்பதற்காக, அவற்றுக்குக் கருத்து கோரும் குறிப்புகள் என்று பொருள்படும் அடக்கமான பெயரை வைத்தார். அவையே ஆர்எப்சி ஆவணங்கள். இவற்றைத் தொகுக்கும் பொறுப்பு தொடக்க காலத்திலேயே போஸ்டலிடம் வந்து சேர்ந்தது. வரும் வரைவுகளைப் படித்து, தெளிவில்லாதவற்றைத் திருப்பி அனுப்பி, வடிவத்தைச் சீராக்கி, எண் கொடுத்து வெளியிடுவது இவரது பணி. 200க்கும் மேற்பட்ட ஆர்எப்சிகளை இவரே தனித்தோ பிறருடன் சேர்ந்தோ எழுதியுள்ளார்.

இவ்வாவணங்கள் எளிய தட்டச்சு உரையாக, எந்தக் கணினியிலும் திறக்கக் கூடியவையாக, கட்டணமின்றிக் கிடைத்தன. இதே காலத்தில் பன்னாட்டுத் தர அமைப்புகள் ஓஎஸ்ஐ என்னும் பெயரில் போட்டி நெறிமுறைகளை உருவாக்கி வந்தன. அரசுகளும் பெரிய தொலைபேசி நிறுவனங்களும் அவற்றையே ஆதரித்தன. 1990 இல் அமெரிக்க அரசே தன் துறைகள் ஓஎஸ்ஐ சார்ந்த கருவிகளை வாங்க வேண்டும் என விதித்தது. ஆனால் அந்தத் தர ஆவணங்களை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆர்எப்சிகளை எந்த ஊர் மாணவரும் பதிவிறக்கிப் படித்து, அன்றிரவே நிரல் எழுதிப் பார்க்க முடிந்தது. ஓஎஸ்ஐ தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த வேறுபாட்டை அவற்றுள் சிறியதாகக் கருத முடியாது.

துறை எண்கள்

ஒரு கணினிக்கு ஒரு முகவரிதான். அதே கணினி அஞ்சலும் பெறலாம், கோப்பும் வழங்கலாம், வலைப்பக்கமும் காட்டலாம். வந்து சேரும் பொதி இவற்றுள் எதற்கு உரியது என்பதை எப்படி அறிவது? அதற்காகவே ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் துறை எண் என்ற ஓர் எண் இடம் பெறுகிறது.

வடசென்னைக் கடற்கரையை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மீன் ஏற்றி வரும் விசைப்படகு இராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டுத் துறைக்குப் போகும். அனல் மின் நிலையத்திற்கான நிலக்கரிக் கப்பல் எண்ணூருக்குப் போகும். சென்னைத் துறைமுகத்திற்கு வரும் கொள்கலன் கப்பல் அதற்கென உள்ள முனையத்தில் கட்டப்படும். ஒவ்வொரு முறையும் கரையிலுள்ளோரைக் கேட்டு இடம் தேடுவதில்லை; எந்தச் சரக்கு எங்கே இறங்கும் என்பது முன்பே தெரியும். இடத்தை மாற்றினால் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். 2011 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து நிலக்கரி சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்கு மாறியபோது, கப்பல் நிறுவனம் முதல் இரயில்வே வரை அனைவரும் தத்தம் ஏற்பாட்டை மாற்ற வேண்டியிருந்தது. இணையத்திலும் அவ்வாறே. அஞ்சலுக்கு 25, கோப்புப் பரிமாற்றத்திற்கு 21, வலைக்கு 80 என்பவை உலகெங்கும் ஒன்றாக இருப்பதால்தான், முன்பின் அறியாத இரு கணினிகள் நேரடியாகப் பேசத் தொடங்க முடிகிறது.

தொடக்கத்தில் இந்த எண்களை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி பயன்படுத்தினர். 1972 மே மாதம் போஸ்டல் வெளியிட்ட ஒரு குறுங்குறிப்பு (ஆர்எப்சி 349), எண்களை ஒருவர் பொறுப்பேற்று வழங்க வேண்டும் என்று முன்மொழிந்தது. அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்பதாகவும் தெரிவித்தது. யாரும் மறுக்கவில்லை. அன்று முதல் புதிய நெறிமுறை எழுதும் எவரும் எண் வேண்டி இவரை அணுகினர். சேவை உண்மையானதா, விளக்கம் போதுமானதா என்று பார்த்து எண் வழங்கினார். ஒதுக்கப்பட்ட எண்களின் பட்டியல் அவ்வப்போது ஆர்எப்சியாக வெளியானது. டிம் பேர்னர்ஸ்-லீயின் உலகளாவிய வலைக்கு 80 என்னும் எண் 1992 ஜூலைப் பட்டியலில் இடம்பெற்றது. அப்போது வலை என்ற ஒன்று இருப்பதையே பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை.

1980களின் இறுதியில் இப்பணிக்கு இணைய எண் ஒதுக்கீட்டு ஆணையம் (ஐயானா) என்ற பெயர் வழங்கலாயிற்று. பெயரைக் கேட்டால் பெரிய கட்டடமும் பணியாளர் கூட்டமும் மனத்தில் தோன்றும். நடைமுறையில் அது போஸ்டலும், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் முதலான சில உடன்பணியாளர்களும்தான். அமெரிக்க அரசு முகமைகள் தகவல் அறிவியல் கழகத்திற்கு அளித்த ஆய்வு ஒப்பந்தங்களிலிருந்தே செலவுகள் ஈடு செய்யப்பட்டன.

டிசிபியும் ஐபியும்

1970களில் விண்ட் செர்ஃபும் இராபர்ட் கானும் வடிவமைத்த டிசிபி தொடக்கத்தில் ஒரே நெறிமுறையாக இருந்தது. பொதிகளை வலையமைப்புகளுக்கு இடையே வழிசெலுத்துவது, தொலைந்தவற்றை மீண்டும் அனுப்பி வரிசைப்படுத்துவது ஆகிய இரண்டு வேலைகளையும் அதுவே செய்தது. இது அடுக்கு முறைக்கு மாறானது, இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று 1977 ஆகஸ்டில் எழுதிய குறிப்பு ஒன்றில் போஸ்டல் வற்புறுத்தினார். டேனி கோஹன் முதலியோரும் இதே கருத்தைக் கொண்டிருந்தனர். 1978 இல் பிரிவு நடந்தது. வழிசெலுத்தும் பணி ஐபிக்கும், நம்பகமாகச் சேர்ப்பிக்கும் பணி டிசிபிக்கும் போயின.

இராயபுரம், திருவொற்றியூர்ச் சாலைகளில் துறைமுகத்தை நோக்கி வரிசையில் நிற்கும் கொள்கலன் லாரிகளைப் பார்த்தால் இப்பிரிவின் பயன் புரியும். பெட்டிக்குள் துணியா இயந்திரமா என்பது பாரந்தூக்கிக்குத் தேவையற்ற செய்தி. பெட்டியின் அளவும் மூலைப் பூட்டும் தரப்படி இருந்தால் போதும். ஐபியும் அவ்வாறே உள்ளடக்கத்தைப் பார்க்காமல் பொதியைக் கடத்துகிறது. அதனால்தான் 1981 இல் எவரும் எண்ணிப் பார்த்திராத காணொளியும் இணையத் தொலைபேசியும் அதே ஐபியின் மேல் பின்னாளில் ஏற முடிந்தது. நேரம் தவறக்கூடாத பேச்சு போன்றவற்றுக்கு உதவும் யுடிபி என்னும் எளிய நெறிமுறையையும் போஸ்டலே 1980 இல் எழுதினார். அந்த ஆவணம் மூன்றே பக்கம்.

1981 செப்டம்பரில் ஐபி, ஐசிஎம்பி, டிசிபி ஆகியவற்றின் வரையறைகள் 791, 792, 793 எனும் அடுத்தடுத்த எண்களில் போஸ்டலைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியாயின. பழைய நெறிமுறையிலிருந்து மாறுவதற்கான திட்டத்தையும் இவரே எழுதினார். 1983 ஜனவரி 1 மாற்றத்திற்கான நாளாகக் குறிக்கப்பட்டது. கணினி மையங்கள் பலவும் காலம் கடத்தியதால், 1982 இன் நடுவில் ஒரு நாளும் பின்னர் இரண்டு நாட்களும் பழைய நெறிமுறை வேண்டுமென்றே நிறுத்திக் காட்டப்பட்டது. அதன் பின்னரே பலர் விழித்துக்கொண்டனர். சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் தொடங்கப்பட்டதும் அதே 1983 இல்தான் என்பது ஒரு தற்செயல்.

டிசிபி வரையறையில் போஸ்டல் சேர்த்த ஒரு நெறி இன்று அவர் பெயராலேயே போஸ்டல் விதி எனப்படுகிறது. தான் அனுப்புவதில் விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். பிறரிடமிருந்து பெறுவதில் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். வெவ்வேறு மையங்களில் வெவ்வேறு பொறியாளர்கள் அரைகுறையாக எழுதிய நிரல்கள் ஒன்றோடொன்று பேச வேண்டியிருந்த காலத்தில் இது பேருதவி புரிந்தது. ஆனால் பிழையைப் பொறுத்தால் பிழையே வழக்கமாகி நிலைத்துவிடும் என்னும் எதிர்வாதமும் உண்டு. பாதுகாப்புக் குறைகளுக்கும் அது வழிவகுக்கிறது. 2023 இல் வெளியான ஆர்எப்சி 9413 இவ்விதியை விரிவாக மறு ஆய்வுக்கு உட்படுத்தியது.

மின்னஞ்சல்

வலையமைப்பில் அஞ்சல் அனுப்பும் வழக்கம் 1971 இலேயே தோன்றிவிட்டது. முதலில் அது கோப்புப் பரிமாற்றத்தின் ஒரு கிளையாகவே நடந்தது. அஞ்சலுக்கென்று தனி நெறிமுறையை போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்எப்சி 821 வழியாக வெளியிட்டார்.

அதன் இயக்கம் இரண்டு எழுத்தர்கள் பேசிக்கொள்வதைப் போன்றது. அனுப்பும் கணினி 25 ஆம் துறையில் இணைப்பை ஏற்படுத்துகிறது. பெறும் கணினி 220 என்ற எண்ணால் வரவேற்கிறது. அனுப்புநர் தன் பெயரைக் கூறி வணக்கம் சொல்கிறது. பின்னர் அஞ்சல் யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்பவற்றைத் தனித்தனி வரிகளில் தெரிவிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 250 என்று வந்தால் சரி என்று பொருள். 550 என்றால் அப்படி ஒருவர் இங்கில்லை. அடுத்து 354 என்ற அனுமதி வந்ததும் கடிதத்தின் உரை வரிவரியாகச் செல்கிறது. ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் வந்தால் கடிதம் முடிந்தது. இந்த மூவிலக்க மறுமொழி முறை கோப்புப் பரிமாற்றத்திலும் உண்டு. பின்னர் வந்த வலை நெறிமுறையான எச்டிடிபியும் அதே மரபைத் தொடர்ந்தது. பக்கம் கிடைக்காதபோது திரையில் தோன்றும் 404 அந்த மரபின் வழிவந்ததே. இவ்வுரையாடல் முழுவதும் மனிதர் படிக்கக்கூடிய சொற்களால் ஆனது. ஆகையால் மாணவர் ஒருவர் விசைப்பலகையிலிருந்தே கட்டளைகளைத் தட்டி, அஞ்சல் வழங்கி ஒன்றுடன் பேசிப் பழகலாம்.

இந்த எளிமையில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, அனுப்புநர் கூறும் பெயரைச் சரிபார்க்க வழியில்லை. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் கடிதம் அனுப்பலாம். வேண்டாத அஞ்சல் வந்து குவிந்தால் பெறும் கணினிக்குத் தடுக்கும் வழி இல்லை என்பதை போஸ்டலே 1975 நவம்பரில் ஆர்எப்சி 706 இல் எழுதியிருக்கிறார் என்பது வியப்புக்குரியது. எரிதம் என நாம் இன்று அழைக்கும் சிக்கலை ஒருவர் அவ்வளவு முன்னதாகக் கண்டும், ஏழு ஆண்டுகளுக்குப் பின் தாம் எழுதிய நெறிமுறையில் அதற்குத் தடை வைக்கவில்லை. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் வலையமைப்பில் அத்தேவை அவ்வளவு அவசரமாகத் தோன்றாமல் இருந்திருக்கலாம்.

இரண்டாவது குறை தமிழர்களைத் தொட்டது. ஆர்எப்சி 821 ஏழு இருமங்களால் ஆன அஸ்கி எழுத்துகளை மட்டுமே ஏற்றது. மொத்தம் 128 குறிகள். ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அவை போதும். தமிழுக்கு அதில் இடமில்லை. இதனால் இணையத்தில் முதலில் எழுதிய தமிழர்கள் தமிழை உரோமன் எழுத்துகளில் எழுத வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோர் 1995 இல் தமிழை வலைக்குக் கொண்டுவந்தனர். பின்னர் தகுதரம் (டிஸ்கி), 1999 இல் சென்னையில் நடந்த மாநாட்டை அடுத்து வந்த தாப், தாம் ஆகிய குறியீடுகள் தோன்றின. இவை எட்டாவது இருமத்தையும் பயன்படுத்தின. வழியிலுள்ள பழைய அஞ்சல் வழங்கி ஒன்று எட்டாம் இருமத்தை வெட்டிவிட்டால் கடிதம் முழுவதும் குப்பையாகிவிடும். 1992 இல் வந்த மைம் என்னும் நீட்சி, எந்த எழுத்தையும் அஸ்கியாக மாற்றிப் பொதிந்து அனுப்பும் முறையால் இதற்குத் தீர்வு தந்தது. அனுப்புநர், பெறுநர் முகவரியையே தமிழில் எழுத அனுமதிக்கும் தரம் 2012 இல்தான் வந்தது. இதற்காக போஸ்டலைக் குறை கூறுவது முழு நியாயம் ஆகாது. 1982 இல் பல கணினிகளின் எழுத்து முறையே அவ்வளவுதான். எனினும் ஒரு நாட்டின் ஆய்வகங்களுக்காக எடுத்த முடிவு பிற மொழியினரைப் பல ஆண்டுகள் கட்டிப்போட்டது என்பது பதிவு செய்யப்பட வேண்டியதே.

கோப்புப் பரிமாற்றம்

கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் முதல் வரைவை எழுதியவர் ஓர் இந்தியர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணியில் பட்டம் பெற்று, பின்னர் எம்ஐடியில் பயின்ற அபய் பூஷண் அதனை 1971 ஏப்ரலில் ஆர்எப்சி 114 ஆக வெளியிட்டார். பதினான்கு ஆண்டுகளில் பலரால் திருத்தப்பட்டு, 1985 அக்டோபரில் போஸ்டலும் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்எப்சி 959 ஆக அது நிலைபெற்றது. கட்டளைகளுக்கு ஓர் இணைப்பும் கோப்புக்கு மற்றோர் இணைப்பும் தனித்தனியே இருப்பது இதன் சிறப்பியல்பு. வலை பரவும் முன்னர் மென்பொருள்களும் ஆர்எப்சிகளும் இவ்வழியாகவே பெருமளவு பகிரப்பட்டன. கடவுச்சொல் மறைக்கப்படாமல் செல்வதால் பின்னர் இதன் செல்வாக்கு குறைந்தது. 2021 இல் குரோம், பயர்பாக்ஸ் உலாவிகள் இதற்கான ஆதரவை நீக்கின.

ஆட்களப் பெயர்கள்

எண்களை மனிதர்கள் நினைவில் வைப்பது கடினம். பெயர்களை எண்களாக மாற்றும் ஆட்களப் பெயர் முறையை 1983 இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். அப்பணியை அவரிடம் ஒப்படைத்தவர் போஸ்டல். 1984 இல் போஸ்டலும் ரெனால்ட்ஸும் வெளியிட்ட ஆவணம் காம், எடு, ஆர்க் முதலிய உயர்மட்டப் பெயர்களை வரையறுத்தது.

நாடுகளுக்குப் பெயர் ஒதுக்கும்போது எது நாடு, எது நாடன்று என்னும் கேள்வி எழும். அது போர்களுக்கே காரணமாகும் கேள்வி. போஸ்டல் அதற்குள் நுழையவில்லை. பன்னாட்டுத் தர அமைப்பு ஏற்கனவே வைத்திருந்த ஈரெழுத்து நாட்டுக் குறியீட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். பட்டியலில் இருந்தால் பெயர் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெயரை நிருவகிப்பவர் உரிமையாளர் அல்லர், அந்நாட்டு மக்களுக்கும் உலக இணையச் சமூகத்திற்கும் பொறுப்பான அறங்காவலரே என்பதை 1994 மார்ச்சில் ஆர்எப்சி 1591 இல் விளக்கினார்.

இந்தியாவில் 1986 இல் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்னும் கல்வி வலையமைப்பைத் தொடங்கியிருந்தது. சென்னை உள்ளிட்ட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும், பம்பாய் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும், அத்துறையும் அதில் பங்கு பெற்றன. 1989 மே 8 அன்று இந்தியாவுக்கான ஈரெழுத்துப் பெயர் (இன்) அந்தப் பம்பாய் மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இலங்கைக்கான பெயர் 1990 இல் வழங்கப்பட்டது. பொதுமக்களுக்கான இணையச் சேவை சென்னை உட்பட இந்திய நகரங்களில் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 இல்தான். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே நாட்டின் பெயர் இப்பதிவேட்டில் ஏறியிருந்தது.

1998 ஜனவரி நிகழ்வு

1990களின் நடுவில் வலை வணிகமாயிற்று. காம் முதலிய பெயர்களைப் பதியும் பணியை 1993 முதல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்னும் தனியார் நிறுவனம் அமெரிக்க அரசின் ஒப்பந்தப்படி செய்து வந்தது. 1995 செப்டம்பரில் அது ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 50 டாலர் வீதம் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. இலவசமாக இருந்தது திடீரென ஒரே நிறுவனத்தின் பெருவருவாயாகியதைப் பலர் எதிர்த்தனர். போட்டிக்காகப் புதிய உயர்மட்டப் பெயர்களைச் சேர்க்க போஸ்டலும் இணையச் சங்கமும் 1996, 1997 ஆண்டுகளில் எடுத்த முயற்சியை அமெரிக்க அரசு ஏற்கவில்லை. முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதே வழக்காகியது.

உலகில் அன்று பதின்மூன்று மூலப்பெயர் வழங்கிகள் இருந்தன. நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் வைத்திருந்த முதன்மை வழங்கியிலிருந்து மற்றப் பன்னிரண்டும் பட்டியலைப் படியெடுத்துக்கொள்ளும். 1998 ஜனவரி 28 அன்று போஸ்டல் அவற்றுள் எட்டு வழங்கிகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனி நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடமிருந்து அன்றி ஐயானாவின் கணினியிலிருந்து பட்டியலைப் பெறுமாறு அதில் கேட்டுக்கொண்டார். எட்டுப் பேரும் அவ்வாறே செய்தனர். அவர்களுக்கு அவ்வாறு செய்யும் கடமை எதுவும் இல்லை. அவர் கேட்டார் என்பதே போதுமானதாக இருந்தது. எஞ்சியவை அமெரிக்க அரசு நிறுவனங்களிடமும் நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடமும் இருந்தன, அவை மாறவில்லை. பட்டியலின் உள்ளடக்கம் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்ததால் உலகில் எந்தப் பயனருக்கும் எதுவும் தெரியவில்லை.

வெள்ளை மாளிகையில் இணையக் கொள்கையைக் கவனித்து வந்த இரா மகசைனருக்கு இது தெரியவந்ததும் நிலைமை மாறியது. அரசின் அழுத்தத்தை அடுத்து, இது ஒரு சோதனை என போஸ்டல் தெரிவித்தார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் வழங்கிகள் பழைய நிலைக்குத் திரும்பின. உண்மையில் அது சோதனையா, அரசுக்கு விடுத்த எச்சரிக்கையா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. வருங்கால மாற்றத்திற்கு வழங்கிகளை ஆயத்தப்படுத்தியதாகக் கொள்வோரும் உளர். இணையத்தின் மூலப் பட்டியல் ஒரு மனிதரின் ஒரு கடிதத்தால் இடம் பெயரக்கூடியது என்பதை அந்நிகழ்வு ஐயமின்றிக் காட்டியது. போஸ்டலை நேசித்தவர்களுக்கு அது அவர்மீதான நம்பிக்கையின் சான்று. அவர் நல்லவராக இருப்பது தற்செயல், அடுத்தவர் எப்படியோ என்று கருதியோருக்கு அது அச்சத்தின் காரணம். இரு சாராரும் ஒரே நிகழ்வைத்தான் கண்டனர்.

இரண்டு நாட்களில், ஜனவரி 30 அன்று, பெயர்களையும் எண்களையும் நிருவகிக்கப் புதிய தனியார் அமைப்பு வேண்டும் என்னும் வரைவுக் கொள்கையை அமெரிக்க வணிகத் துறை வெளியிட்டது. போஸ்டல் முரண்டு பிடிக்கவில்லை. தன் கையிலிருந்த பணியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கான விதிமுறைகளை வரைவதில் அவ்வாண்டின் எஞ்சிய மாதங்களைச் செலவிட்டார். ஐகான் எனப்படும் அவ்வமைப்பு 1998 செப்டம்பர் 30 அன்று பதிவு செய்யப்பட்டது.

மறைவு

ஐகான் பதிவாகி இரண்டு வாரங்களே ஆகியிருந்த நிலையில், அக்டோபர் 16 அன்று போஸ்டல் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். இதய வால்வை மாற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறிவந்த நேரத்தில் ஏற்பட்ட சிக்கல்களே இறப்புக்குக் காரணம். அப்போது அவருக்கு வயது 55. பள்ளி நாட்களின் சமகாலத்தவரான விண்ட் செர்ஃப் எழுதிய இரங்கலுரை அம்மாதமே ஆர்எப்சி 2468 ஆக, போஸ்டல் காத்துவந்த அதே வரிசையில் வெளியானது.

1997 இல் இவருக்கும் பிரான்சு நாட்டின் லூயி பூசானுக்கும் கணினித் தொடர்பியலுக்கான சிக்காம் விருது வழங்கப்பட்டிருந்தது. இணையச் சங்கம் 1999 முதல் இவர் பெயரால் விருது வழங்கி வருகிறது. 2014 இல் அவ்விருது நேபாள மலைக் கிராமங்களுக்குக் கம்பியில்லா இணையத்தைக் கொண்டு சென்ற மகாவீர் புன்னுக்கு அளிக்கப்பட்டது. 2012 இல் இணையப் புகழவையில் போஸ்டலின் பெயர் சேர்க்கப்பட்டது.

இன்றைய நிலை

ஐயானாவின் பணிகளை ஐகான் ஏற்று நடத்துகிறது. அதன் மீது அமெரிக்க அரசுக்கு இருந்த மேற்பார்வை உரிமை 2016 அக்டோபர் 1 அன்று முடிவுக்கு வந்தது. இந்தியாவுக்கான பெயர் 2005 முதல் நிக்சி எனப்படும் இந்திய இணைய இணைப்பகத்தின் பொறுப்பில் உள்ளது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் மூன்று பெயர்கள் தமிழ் எழுத்திலேயே மூலப் பட்டியலில் இடம் பெற்றுள்ளன. ஆர்எப்சி 821 க்குப் பதிலாக 2001 இலும் 2008 இலும் புதிய வரையறைகள் வந்தன. டிசிபியின் வரையறை 2022 இல் ஆர்எப்சி 9293 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. ஐபியின் நான்காம் பதிப்பை வரையறுக்கும் ஆர்எப்சி 791 மட்டும் சில இணைப்புகளுடன் 1981 இல் போஸ்டல் விட்டுச்சென்ற வடிவிலேயே நடைமுறையில் இருந்து வருகிறது.